மிஷின் வச்சாச்சு, நாடியை யார் பார்ப்பது?

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவரைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அதான் மிஷின் வச்சாச்சே, இனிமே உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். மன்னார்குடியில் என் வீட்டுக்கு வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். நீடாமங்கலத்தில் என் அக்கா வீட்டுக்குப் போனவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அக்காவுக்கு இன்று வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு குழறுகிறது. அவர் நெஞ்சில் இருக்கும் பேஸ்மேக்கர் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இது எப்படி நடக்கும் என்று கேட்காதவர்கள் இல்லை. படித்தவர்களும் கேட்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மின்வாரியத்தில் ஒயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். இதயமும் மின்சாரத்தில் ஓடுகிறது என்பது எனக்கு நோய் வந்த பிறகுதான் தெரியும். வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே கிளம்பும் துடிப்பு இரண்டு மேலறைகளையும் சுருங்க வைக்கிறது. பிறகு நடுவில் உள்ள இன்னொரு கணுவில் ஒரு கணம் தங்கி, அங்கிருந்து கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறை முதலில், கீழறை அடுத்து. நாம் தூங்கும்போதும் இந்த வரிசை மாறுவதில்லை.

இந்த வழியில் இரண்டு விதமாகக் கோளாறு வரலாம். துடிப்பு கிளம்பாமலோ, கிளம்பியது கீழே வந்து சேராமலோ போய் இதயம் மெதுவாகிவிடுவது ஒன்று. தலை சுற்றும், மயக்கம் வரும், நின்ற இடத்தில் விழுவார்கள். பேஸ்மேக்கர் இதற்குத்தான். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். முப்பது கிராமைச் சுற்றித்தான் எடை இருக்கும். அதிலிருந்து மெல்லிய ஒயர் ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. நிமிடத்துக்கு 60 என்று வைத்திருந்தால், ஒரு நொடி வரை காத்திருக்கும். அதற்குள் இதயம் தானாகத் துடித்துவிட்டால் சும்மா இருக்கும். துடிக்காவிட்டால் சின்னதாக ஒரு தூண்டல் கொடுக்கும்.

இன்னொரு கோளாறு, மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் உதறிக்கொண்டே இருப்பது. நிமிடத்துக்கு 350 முறைக்கு மேல் தாறுமாறாகத் துடிப்புகள் அங்கே சுற்றும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஏ.எஃப். என்பார்கள். மேலறை சரியாகச் சுருங்காததால் இடது மேலறையின் ஓரத்தில் பை மாதிரி இருக்கும் ஓர் இடத்தில் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டியில் ஒரு துணுக்கு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் நகரத்து மக்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியது.

பேஸ்மேக்கரால் இந்த உதறலை நிறுத்த முடியாது. மெதுவாகும் இதயத்தைத் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை. ரத்தம் உறைவதைத் தடுப்பது மாத்திரையின் வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் கை கால் போகிறது.

எனக்கு இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கிறது. ஏ.எஃப். வரும்போது நெஞ்சுக்குள் கெண்டை மீன் துள்ளுவது போல இருக்கும். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் வாய்வு. ஓம வாட்டர் கொடுப்பார்கள், பூண்டைச் சுட்டுத் தின்னச் சொல்வார்கள். துள்ளல் தானாக அடங்கும்போது இதயம் சில நொடி நின்று, பிறகு ஓட ஆரம்பிக்கும். அந்த நொடிகளில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் விழுந்தேன். உடம்பில் ஹோல்டர் கருவியைக் கட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு எடுத்தபோது, நாலு நொடிக்கு மேல் துடிப்பே இல்லாத இடம் அதில் தெரிந்தது. வேகத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்தால் அந்த நிற்கும் நேரம் இன்னும் நீளும். அதனால் முதலில் பேஸ்மேக்கர், பிறகு மாத்திரை என்றார் டாக்டர். "பேஸ்மேக்கர் உங்களை விழாம பாத்துக்கும். பக்கவாதம் வராம பாத்துக்கறது இந்த மாத்திரை. இதை விட்டுடாதீங்க" என்று அவர் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். எனக்குக் கிடைத்தது அந்த ஐந்து நிமிடம். அக்காவுக்கு அது கிடைக்கவில்லை.

அக்காவுக்கு வந்தது முதல் வகை. மேலறைத் துடிப்பு கீழே இறங்கவே இல்லை. நாடி 34. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கையிலிருந்து பணம் போகவில்லை. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் அக்கா அன்றைக்கே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தையல் பிரித்து, புண் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி செக்கப்புக்கு வர வேண்டும் என்பது டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக இருந்தது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அக்கா நன்றாக இருந்தார். மாவு அரைத்தார், பேரப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். சில வருடங்கள் அப்படியே ஓடின.

ஒரு விடியற்காலை வாசல் தெளிக்கப் போனவர் வாளியோடு சாய்ந்தார்.

தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாய் அடைத்திருந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் நாடி பார்த்தார். 60, ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. "நாடி நல்லாத்தானே இருக்கு டாக்டர்" என்றேன். "அது பேஸ்மேக்கர் அடிக்கிற நாடி. மேலறை என்ன செய்யுதுன்னு உள்ள பாக்கணும்" என்றார். மறுநாள் பேஸ்மேக்கர் டெக்னீஷியனை வரவழைத்து, நெஞ்சின் மேல் கருவியை வைத்து, உள்ளே பதிவாகியிருந்ததைத் திரையில் எடுத்தார்கள். தேதியும் நேரமுமாக வரிசை வந்தது. மேலறை மாதக் கணக்கில் அடிக்கடி ஏ.எஃப்.பில் போயிருக்கிறது. ஒரு தடவை இரண்டு நாள் விடாமல். கீழறையைப் பேஸ்மேக்கர் தன் கணக்குப்படி ஓட்டிக்கொண்டிருந்ததால் மணிக்கட்டில் ஒன்றும் தெரியவில்லை, அக்காவுக்கும் எந்தப் படபடப்பும் இல்லை. அந்தப் பெட்டி எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. எடுத்துப் படிக்கத்தான் யாரும் இல்லை.

வருடம் ஒரு முறை செக்கப் நடந்திருந்தால் அன்றே ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தொடங்கியிருப்பார்கள். சரியாக எடுத்தால் அந்த மாத்திரை, ஏ.எஃப்.பால் வரும் பக்கவாதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

செக்கப் என்றால் பெரிய காரியம் என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசி கிடையாது, வலி கிடையாது. படுக்கவைத்து, ஒரு கருவியைச் சட்டைக்கு மேலேயே வைக்கிறார்கள். திரையில் இதயத்தின் கோடுகள் ஓடும். நான் போகிற இடத்தில் ஒரு பெண் பார்க்கிறார். "ஐயா, இப்ப கொஞ்சம் வேகமா ஓட்டுறேன், நெஞ்சு படபடன்னு இருக்கும், பயப்படாதீங்க" என்பார். சொன்ன மாதிரியே வேகம் ஏறும், இறங்கும். ஒயரின் தடை எத்தனை ஓம், பேட்டரி இன்னும் எத்தனை வருடம் வரும், எவ்வளவு குறைந்த வோல்டேஜில் இதயம் தூண்டலைப் பிடித்துக்கொள்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவார். எனக்கு முக்கால் வோல்ட் போதும் என்றார். பதினோராயிரம் வோல்ட் லைனில் ஆயுள் பூரா வேலை பார்த்தவன் நான். முக்கால் வோல்ட்டில் ஒரு மனிதன் நடமாடுகிறான் என்பது அன்று எனக்குப் பெரிய ஆச்சரியம். கடைசியாக ஏ.எஃப். எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று பார்த்து அச்செடுத்துக் கொடுப்பார். அந்தத் தாளை டாக்டர் பார்ப்பார். மொத்தமே அரை மணி நேரம் ஆகாது.

இந்தக் கருவி இவ்வளவு தூரம் வந்த கதையை ஒவ்வொரு பேஸ்மேக்கர்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில், கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகிலேயே முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அறுவை சிகிச்சை செய்தவர் ஓகே சென்னிங். கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து, பிசினை ஊற்றி வார்த்த கருவி அது. சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. அவர்கள் விடவில்லை, லார்சனின் மனைவியும் விடவில்லை. அடுத்தடுத்து மாற்றிக்கொண்டே போனார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களோடு வாழ்ந்த லார்சன், தனக்கு அறுவை செய்தவரும் கருவி செய்தவரும் மறைந்த பிறகு, 2001இல் தன் 86ஆம் வயதில் காலமானார். இதயக் கோளாறால் அல்ல, புற்றுநோயால். நின்றுபோகும் இதயத்துக்கு மருத்துவம் அவ்வளவு உறுதியான பதிலைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, செக்கப் தேதியைச் சொல்ல ஆள் இல்லாமல் ஒருவருக்குக் கை கால் விழ விடுவது எந்த வகையில் நியாயம்?

நம் வீடுகளில் பயம் வேறு எங்கேயோ இருக்கிறது. சுவிட்சைத் தொடாதே, மிக்ஸி பக்கம் போகாதே, டி.வி.யைத் தள்ளி நின்று பார் என்கிறார்கள். வீட்டுச் சாமான்களில் பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆகாது. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். வெல்டிங் வேலை கூடாது. செல்ஃபோனைச் சட்டைப் பையில், பேஸ்மேக்கருக்கு மேல் வைக்கக் கூடாது. மறுபக்கக் காதில் வைத்துப் பேசலாம். மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்காமல் கடந்துவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி, அந்த மாடல் அதற்கு ஏற்றதா என்று கேட்க வேண்டும். தோளை அசைக்கவே பயந்து மாதக் கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு, மூட்டு இறுகிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்ன சில வாரங்களுக்கு மட்டும்தான் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. இன்னொன்றையும் என் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் போன பிறகு எரிப்பதற்கு முன்னால் பேஸ்மேக்கரை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். சூட்டில் பேட்டரி வெடிக்கும், தகனம் செய்கிறவருக்கு ஆபத்து.

உண்மையில் பயப்பட வேண்டியது மாத்திரை விஷயத்தில். ஆஸ்பிரினையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். மாரடைப்பு வந்தவருக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின், ஏ.எஃப்.பால் வரும் பக்கவாதத்துக்குப் போதாது. வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை ஒரு வகை. அவற்றை எடுப்பவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்ய வேண்டும். பெரும்பாலும் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். அபிக்ஸபான், டாபிகாட்ரான் போன்ற புதிய வகைக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. இப்போது இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் அசிட்ரோம் எடுக்கிறேன். முருங்கைக் கீரையை அறவே விடச் சொல்லி ஊரில் பயமுறுத்தினார்கள். டாக்டர் விடச் சொல்லவில்லை. ஒரு வாரம் கட்டுக் கட்டாகத் தின்றுவிட்டு மறு வாரம் தொடாமல் இருப்பதுதான் தப்பு, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இதோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். பல் பிடுங்க வேண்டும் என்று யாரோ சொன்னதற்காக மாத்திரையை நிறுத்தி, பிறகு தொடங்க மறந்துபோவது இன்னும் மோசம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

இனி அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. தமிழ்நாட்டில் என் வாழ்நாளில் பார்த்த நல்ல காரியங்களில் அது ஒன்று. எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருகிறார். "மாமா, பிரஷர் பாத்துடலாமா?" என்று திண்ணையில் உட்கார்ந்து பட்டையைச் சுற்றுவார், சர்க்கரைக்கு விரலில் குத்துவார், மாத்திரை கொடுப்பார். கையை நீட்டி உட்கார்ந்திருக்கும் அதே ஆளின் மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரலை வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அதற்குக் கருவி வேண்டாம், செலவு வேண்டாம், அரை நாள் பயிற்சி போதும். வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலால் நாடி பார்த்த மருத்துவர்கள் வாழ்ந்த மண் இது. நாடி தாறுமாறாக அடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஓர் இ.சி.ஜி. எடுத்தால் ஏ.எஃப். இருக்கிறதா என்று தெரிந்துவிடும். விட்டு விட்டு வருகிற ஏ.எஃப். சிலரிடம் அன்றைக்கு அகப்படாது. அதனால்தான் மாதா மாதம் வருகிறவர் பார்ப்பது நல்லது.

தேவையில்லாமல் எல்லாரையும் இ.சி.ஜி.க்கு அனுப்பிக் கூட்டம் சேர்ப்பதா என்று ஒரு டாக்டர் நண்பர் கேட்டார். எப்போதோ ஒரு துடிப்பு தவறுவது பலருக்கு உண்டு, அதில் பெரும்பாலும் ஆபத்தில்லை என்பது உண்மைதான். அது ஆபத்தில்லாதது என்று சொல்வதற்கும் அந்த ஓர் இ.சி.ஜி. வேண்டும். பக்கவாதத்தில் படுத்த ஒருவரைத் திருப்பிப் படுக்கவைக்கவும் சுத்தம் செய்யவும் ஒரு வீட்டில் இரண்டு பேருடைய வேலையும் தூக்கமும் போகிறது. அக்கா வீட்டில் மருமகள் ஜவுளிக் கடை வேலையை விட்டுவிட்டார். அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஐரோப்பிய இதயவியல் கழகம் 65 வயதைக் கடந்தவர்களுக்கு நாடியைத் தொட்டுப் பார்த்தோ இ.சி.ஜி. எடுத்தோ ஏ.எஃப்.பைத் தேடச் சொல்கிறது. நம் நாட்டில் அந்த வயதுவரை காத்திருக்க முடியாது. சின்ன வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, முப்பது நாற்பது வயதிலேயே ஏ.எஃப். வரும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் விஷயத்தில் நாடி மட்டும் போதாது என்பதை அக்கா கதை காட்டும். காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் வைக்கும் ஆஸ்பத்திரி, அடுத்த செக்கப் தேதியைத் தமிழில் எழுதிக் கொடுத்து, அந்தத் தேதி வரும்போது செல்ஃபோனில் செய்தி அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். வைப்பதற்குப் பணம் கொடுக்கும் அரசு, வருடா வருடம் பார்ப்பதற்கும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் வாரத்தில் ஒரு நாள் பேஸ்மேக்கர் செக்கப்புக்கு என்று ஒதுக்க வேண்டும். வயதானவர்களில் பலர் இரண்டு பஸ் மாறிப் போகத் தயங்கித்தான் விட்டுவிடுகிறார்கள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, அவர்கள் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் உங்கள் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுதாகப் பாருங்கள். எண்ணிக்கையைவிட ஒழுங்கைக் கவனியுங்கள். வேகமும் இடைவெளியும் மாறி மாறி, எந்தக் கணக்கிலும் அடங்காமல் அடித்தால் நாளைக்கே இ.சி.ஜி. எடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் அவருடைய அட்டையையும் கடைசி செக்கப் தாளையும் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே அழைத்துக்கொண்டு போங்கள், மேலறைப் பதிவில் ஏ.எஃப். இருக்கிறதா என்று கேட்காமல் திரும்பி வராதீர்கள்.